ரங்கூனிலிருந்து தமிழில் எழுதுகிறவர்களுக்கு: கூகுளில் தெரியவும் ஆள் நின்று படிக்கவும் என்ன வழி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாங்கோனில், அதாவது பர்மாவின் பழைய ரங்கூனில், இருந்துகொண்டு அந்தக்கால ரங்கூன், இங்குள்ள கோவில்கள், சாப்பாடு, தெருக்கள் பற்றியெல்லாம் தமிழில் எழுதிவருகிறேன். புதிதாக எழுத ஆரம்பித்த தம்பி தங்கைகள் கோவில் வாசலிலும் டீக்கடையிலும் நிறுத்தி வைத்துக் கேட்கிறார்கள், போனிலும் கேட்கிறார்கள், ஒரே பதிலைப் பத்துப் பேருக்கு வாய்ஸ் மெசேஜில் அனுப்பி எனக்குத் தொண்டை காய்ந்துவிட்டது. அதனால்தான் இந்தப் பக்கம். கேள்விகள் அவர்கள் கேட்ட மாதிரியே இருக்கின்றன, வரிசையும் நான் நினைவுக்கு வந்தபடி போட்டதுதான்.

அண்ணே, ராத்திரி முழுக்க உட்கார்ந்து எழுதிப் போட்டேன். கூகுளில் தேடினால் வரவே இல்லையே?

வரவில்லையா, கீழே எங்கோ வருகிறதா? இரண்டும் வேறு வேறு வியாதி. கூகுள் தேடல் பெட்டியில் சைட் என்று ஆங்கிலத்தில் அடித்து, முக்காற்புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் உங்கள் தள முகவரியைப் போடுங்கள். உங்கள் பக்கங்கள் பட்டியலாக வந்தால் கூகுளுக்கு உங்களைத் தெரியும் என்று அர்த்தம். ஒன்றுமே வராவிட்டால் அது உங்கள் வீட்டு வாசலையே இன்னும் மிதிக்கவில்லை என்றுதான் பெரும்பாலும் அர்த்தம். அப்போது எழுத்தைத் திருத்திப் பிரயோசனம் இல்லை.

வேர்ட்பிரஸ் என்கிற மென்பொருளில் தளம் வைத்திருப்பவர்கள் அமைப்புகளில் வாசிப்பு என்கிற பகுதியைத் திறந்து பாருங்கள். தேடுபொறிகள் இந்தத் தளத்தை எடுக்க வேண்டாம் என்று ஒரு சின்னக் கட்டம் இருக்கும். தளம் கட்டும்போது யாராவது அதில் டிக் போட்டிருப்பார்கள், எடுக்க மறந்திருப்பார்கள். யாராவது என்ன, நானேதான். பல மாதம் அப்படியே கிடந்தது, நானோ என் தமிழ் சரியில்லையோ என்று நினைத்து மாய்ந்துகொண்டிருந்தேன்.

அடுத்து, தளம் வைத்திருப்பவர்களுக்காக கூகுள் நடத்தும் சர்ச் கன்சோல் என்கிற கருவியில் தளத்தைப் பதிவு செய்யுங்கள், இலவசம். அதில் பக்கத்தின் முகவரியைக் கொடுத்து, எடுத்துக்கொள் என்று கேட்கலாம். சில நாளும் ஆகும், சில வாரமும் ஆகும். காசு கொடுத்தால் சீக்கிரம் எடுப்பார்கள் என்று யாராவது சொன்னால் போனை வைத்துவிடுங்கள். விளம்பரத்துக்குத்தான் கூகுள் காசு வாங்கும், சாதாரணத் தேடல் முடிவில் இடம் பிடிக்க வாங்காது.

நன்றாகத்தான் எழுதுகிறேன், படித்தவர்கள் எல்லாரும் பாராட்டுகிறார்கள், ஆனால் தேடி வருகிறவர்கள் இல்லை. ஏன்?

இதற்குத்தான் நீளமான பதில். ஒரு டீ சொல்லிவிட்டு உட்காருங்கள்.

நான் முதலில் எழுதிய கட்டுரைகளில் ஒன்று ஷ்வே பொந்தா தெரு பற்றியது. தலைப்பு, 'அந்தி சாயும் நேரத்தில் ஒரு தெரு'. எனக்கே அந்தத் தலைப்பின் மேல் ஒரு காதல். ஒரு வருடத்தில் வந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம், அதிலும் பாதி என் சொந்தக்காரர்கள்.

அப்புறம்தான் உறைத்தது. இந்தத் தெருவைப் பற்றித் தமிழில் தேடப்போவது யார்? காரைக்குடிப் பக்கமோ சிவகங்கைப் பக்கமோ இருக்கிற ஒரு பேரன். வீட்டுப் பரணில் பழைய கடிதம் கிடைத்திருக்கும், அதில் 'முகல் ஸ்ட்ரீட், ரங்கூன்' என்று எழுதியிருக்கும். செட்டியார் வட்டிக்கடைகள் வரிசையாக இருந்த தெரு அது. இன்றைக்கு அதே தெருவுக்குப் பெயர் ஷ்வே பொந்தா. பேரன் 'ரங்கூன் முகல் தெரு' என்றுதான் தேடுவான், என் கட்டுரையிலோ முகல் என்கிற சொல்லே கிடையாது. ரங்கூன் என்கிற சொல்லும் இல்லை, யாங்கோன் என்று சுத்தமாக எழுதியிருந்தேன். கேட்கிறவன் வாயில் இருக்கிற சொல் ஒன்று, நான் கையில் வைத்திருந்தது வேறொன்று, கூகுள் எப்படி இரண்டையும் முடிச்சுப் போடும்?

'ரங்கூன் முகல் தெரு இன்று எங்கே இருக்கிறது? ஷ்வே பொந்தா தெருவின் கதை' என்று தலைப்பை மாற்றினேன். முதல் பத்தியில் இரண்டு பெயரையும் எழுதினேன். கட்டுரையின் உடம்பில் பெரிதாக எதையும் தொடவில்லை. மெல்ல மெல்ல வர ஆரம்பித்தார்கள். ஒருவர் தன் தாத்தாவின் கணக்கு நோட்டில் ஒரு பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பி, இந்தக் கதவு எண் இப்போதும் இருக்கிறதா என்று கேட்டார். அந்திசாயும் நேரத்துக்கு இப்படி ஒரு கடிதம் வந்ததே இல்லை.

நமக்கு இது மற்ற ஊர்த் தமிழர்களைவிடக் கூடுதல் தலைவலி, ஏனென்றால் 1989இல் அரசு நாட்டின் பெயரிலிருந்து பல ஊர்ப் பெயர் வரை அதிகாரபூர்வ எழுத்தை மாற்றிவிட்டது, தெருப் பெயர்களோ சுதந்திரத்துக்குப் பிறகே மாற ஆரம்பித்துவிட்டன. பிரேசர் தெரு இப்போது அனவ்ரத்தா சாலை, டல்ஹௌசி தெரு மகா பந்தூலா சாலை, ஸ்காட் மார்க்கெட் போஜோக் மார்க்கெட். பெகு பகோ ஆயிற்று, பசீன் பத்தேய்ன் ஆயிற்று, அக்யாப் சிட்வே ஆயிற்று. 1960களில் இங்கிருந்து தமிழ்நாட்டுக்குக் கப்பலேறிப் போன குடும்பங்களுக்கு இந்தப் புதுப் பெயர்கள் எதுவும் தெரியாது, அவர்கள் பழைய பெயர்களைத்தான் மூட்டையில் கட்டி எடுத்துப் போனார்கள், பேரப்பிள்ளைகளுக்கும் அதைத்தான் கொடுத்தார்கள். ஆகவே இரண்டையும் எழுதுங்கள். தலைப்பில் தேடுகிறவரின் பெயர், உள்ளே இன்றைய பெயர். பர்மா, மியான்மர் விஷயத்திலும் இதே கதைதான்.

சாப்பாட்டில் இன்னும் வேடிக்கை. சென்னையில் பர்மா பஜார் பக்கம் தள்ளுவண்டியில் விற்கிற அத்தோவைப் பற்றித் தமிழ்நாடே தேடுகிறது. இங்கே ஒரு கடைக்குப் போய் ஒரு அத்தோ கொடு என்று கேட்டால், எந்த அத்தோ என்று திருப்பிக் கேட்பார்கள். பர்மிய மொழியில் அதோ என்றால் பிசைந்தது, அவ்வளவுதான். நூடுல்ஸைப் பிசைந்தால் கௌஸ்வே தோ, தேயிலையைப் பிசைந்தால் லபெட் தோ, இஞ்சியைப் பிசைந்தால் ஜின் தோ. இங்கே இருப்பவர்கள் கௌரவமாக 'கௌஸ்வே தோ செய்முறை' என்று தலைப்பு வைக்கிறார்கள், பிறகு யாரும் வரவில்லை என்கிறார்கள். தலைப்பில் அத்தோ இருக்கட்டும், உள்ளே வந்தவருக்கு அத்தோ என்றால் என்ன என்று இந்தக் கதையைச் சொல்லுங்கள். இது சென்னைக்காரர்கள் எழுதும் நூறு செய்முறைகளில் இருக்காது.

தேடுகிறவர்கள் வாயில் என்ன சொல் இருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

காசு கொடுத்து வாங்கும் கருவிகள் நிறைய இருக்கின்றன. நம் மாதிரிச் சின்னத் தலைப்புகளுக்கு அவற்றில் பெரும்பாலும் பூஜ்யம்தான் காட்டும், ஏனென்றால் தமிழில் இந்த விஷயங்களைத் தேடுகிறவர்கள் எண்ணிக்கை குறைவு. பூஜ்யம் என்று காட்டினாலும் ஆள் இருப்பார்கள், அதை நம்பி எழுதாமல் விட்டுவிடாதீர்கள்.

நான் செய்வது இது. கூகுளில் 'பர்மா த' என்று பாதியில் நிறுத்துகிறேன், கீழே என்னென்ன விரிகிறது என்று பார்த்துக் குறித்துக்கொள்கிறேன். பிறகு 'பர்மா க', 'ரங்கூன் க', இப்படியே. நடுவில் மக்கள் இதையும் கேட்கிறார்கள் என்று ஒரு பெட்டி வந்தால் அதையும் பார்க்கிறேன். சர்ச் கன்சோலில், உங்கள் பக்கம் எந்தெந்தத் தேடலுக்குக் காட்டப்பட்டது, எத்தனை பேர் அழுத்தினார்கள் என்று 16 மாதம் வரைக்கும் கணக்கு இருக்கும். அதில் அதிகம் காட்டப்பட்டு யாரும் அழுத்தாத சொற்கள்தான் தங்கம். ஆட்கள் கேட்கிறார்கள், கூகுள் உங்களைக் காட்டுகிறது, ஆனால் தலைப்பைப் பார்த்தால் தங்களுக்கான பதில் போல அவர்களுக்குத் தோன்றவில்லை.

இன்னொரு வழி என் பெரியம்மா. மதுரையில் இருக்கிறார், போனில் மைக்கை அழுத்திப் பேசித்தான் தேடுவார். "ரங்கூன்ல காளியம்மன் கோவில் நடை எத்தனை மணிக்குத் திறக்கும்?" நான் எழுதி வைத்திருந்ததோ 'யாங்கோன் ஸ்ரீ காளி ஆலயம்: தரிசன விவரங்கள்'. அவர் கேட்ட வாக்கியத்தையே ஓர் உபதலைப்பாக வைத்துவிட்டேன். சொந்தக்காரர்கள் போனில் கேட்கிற கேள்விகளை அப்படியே ஒரு நோட்டில் எழுதி வையுங்கள், அதைவிடப் பெரிய ஆராய்ச்சி எனக்குத் தெரிந்து இல்லை.

அந்தச் சொல்லை எத்தனை தடவை எழுத வேண்டும்? நூறு வார்த்தைக்கு இரண்டு என்கிறார்களே?

அப்படி எந்தக் கணக்கும் இல்லை. தலைப்பில் ஒரு தடவை, ஆரம்பத்தில் ஒரு தடவை, பிறகு பேச்சுவாக்கில் எங்கே வருகிறதோ அங்கே. 'ரங்கூன் காளி கோவில் செல்ல விரும்பும் ரங்கூன் காளி கோவில் பக்தர்கள் ரங்கூன் காளி கோவிலில்' என்று எழுதினால் கூகுளுக்கு முன்னால் பெரியம்மாவே ஓடிவிடுவார். பக்கத்தின் உள்ளே ஒளித்து வைக்கும் கீவேர்ட் பட்டியலும் வேண்டாம், அதைத் தரவரிசைக்குப் பார்ப்பதில்லை என்று கூகுள் 2009லேயே சொல்லிவிட்டது. இன்றைக்கும் அதைக் கட்டணம் வாங்கிக்கொண்டு சொல்லித் தருகிறவர்கள் இருக்கிறார்கள்.

தலைப்பில் கொஞ்சம் மசாலா சேர்க்கலாமா?

'ரங்கூனில் தமிழர் செய்த காரியம்! அதிர்ந்த மக்கள்!' மாதிரியா? ஒரு தடவை அழுத்துவார்கள், உள்ளே ஒன்றும் இல்லை என்றால் அடுத்த தடவை உங்கள் பெயரைப் பார்த்ததும் தாண்டிப் போவார்கள். அதோடு தலைப்பும் உள்ளடக்கமும் ஒட்டவில்லை என்றால் கூகுள் தானாகவே வேறு தலைப்பைப் போட்டுக் காட்டுவதும் உண்டு. கைபேசித் திரையில் நீளத் தலைப்பின் வால் வெட்டுப்படும், தமிழ் எழுத்து அகலமானது, அதனால் முக்கியமான சொல் முன்னால் இருக்கட்டும்.

உள்ளே வந்தவர் உடனே ஓடாமல் இருக்க என்ன செய்வது?

முதல் பத்தியைக் கொன்றுவிடுங்கள். நிஜமாகத்தான். ஒரு தம்பி காளி கோவில் பற்றி எழுதிக் கொண்டுவந்தான். ஆரம்பம் இப்படி:

'திரைகடல் ஓடியும் திரவியம் தேடு என்ற முதுமொழிக்கேற்ப, பழங்காலம் தொட்டே கடல் கடந்து சென்ற தமிழர்கள் தாம் சென்ற இடமெல்லாம் கோவில்களை எழுப்பினர் என்பது நாம் அனைவரும் அறிந்ததே.'

நாம் அனைவரும் அறிந்ததே என்றால் எதற்குப் படிக்க வேண்டும்? அவன் நான்காவது பத்தியில் வைத்திருந்ததை மேலே ஏற்றினோம்:

'யாங்கோன் நகரின் நடுவில், அனவ்ரத்தா சாலையும் கொன்ஸேடான் தெருவும் சந்திக்கிற இடத்தில் ஸ்ரீ காளி கோவில் இருக்கிறது. 1871இல் தமிழர்கள் கட்டியது. சூலே பகோடாவில் இறங்கினால் நடந்தே போய்விடலாம்.'

கேட்டு வந்தவருக்குப் பதில் கிடைத்துவிட்டது. பதில் கிடைத்தால் போய்விடுவாரே என்று பயப்படாதீர்கள், பதில் கிடைத்த தெம்பில்தான் மீதியைப் படிப்பார். இணையப் பக்கங்களை ஆட்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று ஆராய்கிற ஜேக்கப் நீல்சன் என்பவர் 1997லேயே ஆட்களை உட்கார வைத்துப் பார்த்திருக்கிறார், புதுப் பக்கம் ஒன்றைத் திறந்தால் நூற்றுக்கு 79 பேர் மேலோட்டமாகக் கண்ணை ஓட்டத்தான் செய்தார்கள். அது மேசைக் கணினிக் காலம். இப்போது பேருந்தில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறுகையால் தள்ளுகிறவர்களுக்கு எழுதுகிறோம்.

அதனால் உபதலைப்பைப் பார்த்தாலே அடுத்து என்ன வருகிறது என்று தெரிய வேண்டும். 'வரலாற்றின் பக்கங்களில்' என்றால் ஒன்றும் தெரியாது, '1964இல் நோட்டு செல்லாமல் போனபோது' என்றால் தெரியும்.

எத்தனை வார்த்தை இருக்க வேண்டும்? ஆயிரத்துக்குக் கீழே என்றால் வராதாமே?

வார்த்தைக் கணக்குப் பார்த்து வரிசைப்படுத்துவதில்லை என்று கூகுள் பலமுறை சொல்லிவிட்டது. கோவில் நடை திறக்கும் நேரத்தை நூறு வார்த்தையில் சொல்லலாம், அதை ஆயிரமாக இழுத்தால் பாவம். ஆனால் 1962இல் ராணுவ ஆட்சி வந்தது, அடுத்த இரண்டு வருடங்களில் வங்கியும் கடையும் தேசியமயமானது, 1964 மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தது, கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு குடும்பம் குடும்பமாகக் கப்பலேறியது, இதையெல்லாம் எழுத உட்கார்ந்தால் மூவாயிரமும் பத்தாது. அதை இரண்டு பத்தியில் முடித்தால் அதுவும் பாவம்தான். கேள்வி எவ்வளவு நீளமோ அவ்வளவு பதில்.

நம்ம பேச்சுத் தமிழில் எழுதலாமா, அண்ணே? இல்லை இலக்கணத் தமிழா?

நான் நடுவில் நிற்கிறேன், பார்க்கிறீர்களே. 'போனேன், வந்தேன்' என்று எழுத்து முடிவு இருக்கட்டும், சொற்கள் நாம் பேசுகிறவையாக இருக்கட்டும். மின்னஞ்சல் முகவரிக்குக் கீழே 'தங்கள் மேலான கருத்துகளை நல்குக' என்று எழுதினால் யாரும் நல்க மாட்டார்கள். முழுப் பேச்சு வழக்கு கதைக்கு நன்றாக இருக்கும், ஆனால் ரங்கூன் தமிழில் பர்மியச் சொல் கலந்து எழுதினால் திருநெல்வேலிக்காரருக்குப் புரியாது. பர்மியச் சொல் வந்தால் பக்கத்திலேயே ஒரு வரி விளக்கம் கொடுத்துவிடுங்கள்.

ஒரு எச்சரிக்கை மட்டும். நம் நாட்டுப் பணத்தை நாம் வாயில் சாட் என்கிறோம், தமிழ்ப் பத்திரிகைகள் கியாட் என்று எழுதுகின்றன. பணத்தைப் பற்றிய கட்டுரையில் சாட் என்று மட்டும் எழுதிவிட்டு உட்கார்ந்திருந்தால், நீங்கள் சாட்ஜிபிடியோடும் பானிபூரிக் கடையோடும் மல்லுக்கட்ட வேண்டியிருக்கும்.

எழுத்துரு விஷயத்தில் ஏதாவது கவனிக்க வேண்டுமா?

பர்மியர்கள் பட்ட பாட்டைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கேள்வியே தேவையில்லை. ஜோஜி என்கிற பழைய பர்மிய எழுத்துருவில் அடித்ததை, எல்லா மொழிக்கும் பொதுவான யூனிகோடு முறையில் இயங்கும் போனில் திறந்தால் கொத்துப் பரோட்டா மாதிரித் தெரியும். ஒரே சொல்லை ஜோஜியில் பலவிதமாக அடிக்கலாம், கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும், தேடலுக்கு வேறு வேறு. 2019 அக்டோபர் 1ஆம் தேதி நாடே யூனிகோடுக்கு மாறத் தொடங்கியது, அந்தச் சமயத்தில் வீட்டுக்கு வீடு போனைத் தூக்கிக்கொண்டு கடைக்கு ஓடினார்கள்.

தமிழிலும் பாமினி, டிஸ்கி, டாம், டாப் என்று அதே கூத்து நடந்ததுதான். நம் தமிழ்ச் சங்கங்கள் வெளியிட்ட மலர்களின் பழைய கோப்புகள் எல்லாம் அந்த எழுத்துருக்களில்தான் கிடக்கின்றன, அவற்றை மாற்றாமல் ஒட்டினால் கூகுளுக்கு அது தமிழே இல்லை. மாற்றிய பிறகும் ஒரு முறை கண்ணால் படித்துப் பாருங்கள், காலும் ரகரமும் இடம் மாறி 'காளி' 'கரளி' ஆகியிருக்கும்.

எனக்கு நேர்ந்த கூத்து இன்னொன்று. என் கட்டுரைகளுக்குள் நானே 'ஸ்ரீ காளி' என்று தேடினேன், பாதிக் கட்டுரைகள் வரவில்லை. எழுத்தைப் பார்த்தால் ஒரு வித்தியாசமும் இல்லை, அச்சு அசல் ஒன்றுதான். விஷயம் என்னவென்றால் அந்த ஸ்ரீயை இரண்டு விதமாக அடிக்கலாம், ஸகரத்தில் தொடங்கியும் வரும், 2005இல் யூனிகோடில் சேர்த்த ஶகரத்தில் தொடங்கியும் வரும். போன் விசைப்பலகை ஒன்றைப் போட்டிருக்கிறது, மடிக்கணினி மற்றொன்றை. ஒரு ராத்திரி முழுக்க உட்கார்ந்து ஒரே மாதிரியாக மாற்றினேன். நீங்கள் ஆரம்பத்திலேயே ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

பக்கத்தின் முகவரியைத் தமிழில் வைக்கலாமா?

வைக்கலாம், கூகுள் படிக்கும். ஆனால் நகலெடுத்து வாட்ஸப்பில் ஒட்டும்போது பெரும்பாலும் அது சதவீதக் குறியும் எண்ணும் எழுத்துமாக விரிந்துவிடும். 'ரங்கூன்' என்பது கணினிக்கு ஏழு குறிகள், ஒவ்வொன்றும் ஒன்பது எழுத்தாக விரியும், ஒரே ஒரு சொல்லுக்கு 63 எழுத்து. பார்க்கிறவர்கள் வைரஸ் என்று நினைத்துத் தொட மாட்டார்கள். நான் முகவரியை மட்டும் ஆங்கில எழுத்தில் சுருக்கமாக வைக்கிறேன், தமிழை ஆங்கில எழுத்தில் அடித்துத் தேடுகிறவர்களுக்கும் அது ஒரு கைப்பிடி.

படம் நிறையப் போடலாமா?

போடுங்கள், ஆனால் போனில் எடுத்த நாலைந்து எம்பி படத்தை அப்படியே ஏற்றாதீர்கள். கரண்ட் போய், டவரில் சிக்னல் தேய்ந்து, நம் ஊரில் ஒரு படம் மேலிருந்து கீழே இறங்குவதற்குள் இரண்டு தடவை பெருமூச்சு விடலாம். முக்கியமான பகுதி இரண்டரை வினாடிக்குள் திரைக்கு வர வேண்டும் என்பது கூகுள் சொல்லும் அளவு, அது பார்ப்பதும் கைபேசிப் பதிப்பைத்தான். வெப்பி (WebP) என்கிற பட வடிவத்தில் சுருக்கினால் ஒரு படம் நூறு, நூற்றைம்பது கேபிக்குள் அடங்கிவிடும். படத்தோடு சேர்க்கும் மாற்று உரையில் 'படம் 1' என்று எழுதாமல் 'அனவ்ரத்தா சாலையிலிருந்து தெரியும் காளி கோவில் கோபுரம்' என்று எழுதுங்கள், கண் தெரியாதவர்களுக்குப் போன் அதைத்தான் வாசித்துக் காட்டும்.

பேஸ்புக்கிலேயே எழுதினால் போதாதா? எல்லாரும் அங்கேதானே இருக்கிறார்கள்?

இருந்தார்கள், இப்போதும் இருக்கிறார்கள், ஆனால் 2021 பிப்ரவரியில் இங்கே பேஸ்புக்கைத் தடுத்தபோது பலருக்கு இணையமே அறுந்துபோன மாதிரி ஆகிவிட்டது, ஏனென்றால் நம் ஊரில் ரொம்பப் பேருக்கு இணையம் என்றாலே பேஸ்புக்தான். அன்றைக்கு எனக்குப் பட்டது, எழுத்தை அடுத்தவன் வீட்டுத் திண்ணையில் மட்டும் வைக்கக்கூடாது. தவிர அங்கே எழுதியது மூன்று நாளில் அடியில் போய்விடும், பெகுவில் அரிசி மில்லில் வேலை பார்த்த தாத்தாவைப் பற்றி 2030இல் யாராவது தேடினால் அந்தப் பதிவு கிடைக்குமா? சொந்த இடத்தில் எழுதுங்கள், அங்கே போய்ச் சொல்லிவிட்டு வாருங்கள்.

லிங்க் வாங்கித் தருகிறேன் என்று ஒருவர் மெயில் அனுப்பியிருக்கிறார். வாங்கலாமா?

வேண்டாம். மற்ற தளங்கள் நம்மைச் சுட்டினால் மதிப்புக் கூடும் என்பது 1998இல் லாரி பேஜும் செர்கேய் பிரின்னும் கூகுளைத் தொடங்கிய நாளிலிருந்து உள்ள அடிப்படைதான், அதனாலேயே காசுக்கு விற்கும் கூட்டமும் அன்றிலிருந்து இருக்கிறது. தரவரிசைக்காக லிங்க் வாங்குவது விற்பது இரண்டும் கூகுள் விதிகளுக்கு விரோதம். அதற்குப் பதில் பழைய தெருப் பெயர், புதுத் தெருப் பெயர் பட்டியல் ஒன்றை முழுசாகத் தயாரித்துப் போடுங்கள். பர்மாவிலிருந்து திரும்பியவர்கள் தமிழ்நாட்டில் குடியேறிய பர்மா காலனிகளில் இருந்து குடும்ப வரலாறு எழுதுகிறவர்கள் கேட்காமலே சுட்டுவார்கள், அவர்களுக்கு அது வேண்டும்.

ஏஐயிடம் சொன்னால் ஒரு நிமிஷத்தில் எழுதிக் கொடுத்துவிடுகிறதே?

கொடுக்கிறது. எழுத்துப்பிழை பார்க்க நானும் வைத்துக்கொள்கிறேன். கருவி எது என்பதைவிடப் படிக்கிறவருக்கு உதவுகிறதா என்பதைத்தான் பார்ப்போம் என்று கூகுள் சொல்கிறது, ஆனால் 2024 மார்ச்சில் தரவரிசையை ஏமாற்றுவதற்காகக் குவியல் குவியலாகப் பக்கம் தயாரிப்பதைத் தனியாக ஒரு குற்றமாகவே சேர்த்துவிட்டது. கட்டுரையை மதிப்பிடும் வழிகாட்டியில் 2022 டிசம்பரில் நேரடி அனுபவம் என்கிற ஒன்றையும் சேர்த்தார்கள். நமக்கு இருக்கிற ஒரே சொத்து அதுதானே? மழைக்காலத்தில் அனவ்ரத்தா சாலையில் முழங்கால் தண்ணீரில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு கோவிலுக்குப் போனவர் நீங்கள். அந்த இயந்திரம் போகவில்லை. ஏஐ சொன்ன தெருப் பெயரை மட்டும் சரிபார்க்காமல் போடாதீர்கள், ரொம்பத் தைரியமாகத் தப்பாகச் சொல்லும்.

என் போனில் தேடினால் நான் முதலில் வருகிறேன், அக்கா போனில் தேடினால் இரண்டாம் பக்கத்தில்கூட இல்லை. எது நிஜம்?

இரண்டும் நிஜம். இருக்கிற ஊரையும் முன்பு தேடியதையும் பொறுத்து முடிவு மாறும். நம்மில் பாதிப் பேர் இருக்கிற இடத்தை மறைக்கும் விபிஎன் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம், கூகுளுக்கு நாம் சிங்கப்பூரில் இருக்கிறோமோ ஆம்ஸ்டர்டாமில் இருக்கிறோமோ! என் கணக்கில் திடீரென்று நெதர்லாந்திலிருந்து ஆட்கள் வர ஆரம்பித்தபோது சந்தோஷப்பட்டேன், பிறகு பார்த்தால் யாங்கோனிலேயே மிங்கலா தாவுன்யுன்ட் பேட்டைப் பக்கத்துப் பையன்கள். சொந்தப் போனில் தேடிப் பார்ப்பதை விட்டுவிட்டு, சர்ச் கன்சோலில் காட்டும் சராசரி இடத்தை மாதம் ஒருமுறை பார்த்தால் போதும்.

கேள்வி-பதிலாக எழுதினால் கூகுள் தனிப் பெட்டியில் விரித்துக் காட்டுமாமே?

முன்பு காட்டியது. 2023 ஆகஸ்டில் அதை அரசு, மருத்துவத் தளங்களோடு நிறுத்திக்கொண்டது. இந்தப் பக்கத்துக்கும் கிடைக்காது. நீங்கள் கேட்டதால்தான் இப்படி எழுதியிருக்கிறேன்.

பழைய கட்டுரைகளை என்ன செய்வது?

மாறுவது, மாறாதது என்று பிரித்துக்கொள்ளுங்கள். முகல் தெருவின் வரலாறு அப்படியே இருக்கலாம். பணமாற்று விகிதம் அப்படி இல்லை, 2022 ஆகஸ்டில் மத்திய வங்கி டாலருக்கு 2,100 கியாட் என்று நிர்ணயித்தது, வெளியில் அதைவிட எவ்வளவோ கூட. எண்ணைப் போட்டால் தேதியையும் சேர்த்துப் போடுங்கள், இல்லாவிட்டால் போடாதீர்கள்.

திஞ்சான் என்கிற பர்மியத் தண்ணீர்த் திருவிழா மாதிரி வருடா வருடம் வருகிறவற்றுக்கு ஒவ்வொரு வருடமும் புதுப் பக்கம் வேண்டாம். முகவரியில் வருடத்தைச் சேர்க்காமல் ஒரே பக்கத்தை வைத்துக்கொண்டு பிப்ரவரியிலேயே திருத்துங்கள். தண்ணீர்த் திருவிழாவும் சித்திரை ஒன்றும் சேர்ந்து வருகிற ஏப்ரல் வாரத்தில் போய்த் திருத்தினால் கூகுள் பார்ப்பதற்குள் எல்லாரும் நனைந்து காய்ந்துவிடுவார்கள்.

தேதியை மட்டும் மாற்றிப் புதுசு போலக் காட்டுகிறவர்களும் இருக்கிறார்கள், அந்த வேலை வேண்டாம். இதைச் சொல்ல எனக்கு அருகதை இருக்கிறதா தெரியவில்லை. ஒரு கோவிலின் நடை சாத்தும் நேரம் மாறியிருந்ததை என் பக்கத்தில் மாற்றாமல் விட்டிருந்தேன். தமிழ்நாட்டிலிருந்து ஒரு பேத்தி தன் பாட்டியை அழைத்து வந்திருக்கிறாள், பாட்டி இங்கே பிறந்தவர், அறுபது வருடம் கழித்து வருகிறார். நடுமதியம், கோவில் பூட்டிக் கிடக்கிறது, என் பக்கத்திலிருந்த எண்ணுக்கு போன் வந்தது. ஓடினேன். பாட்டி வாசல் படியில் உட்கார்ந்து, நான் எதிர்பார்த்த மாதிரி கோபப்படாமல், எதிர்த் தெருவைக் காட்டி அதன் பழைய பெயரைச் சொல்லி, இங்கேதானே இருந்தது என்று கேட்டார். நடை திறக்கும்வரை டீக்கடையில் அவர்களோடு உட்கார்ந்திருந்தேன், நேரத்தைப் போனிலேயே மாற்றினேன், பாட்டி சொன்ன அந்தப் பெயரையும் கட்டுரையில் சேர்த்தேன்.